கிறிஸ்தவர் ஆயுதம் எடுக்கலாமா? போரும் தற்காப்பும் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிறிஸ்தவ நெறிப்படி போரை ஆதரிக்கலாமா, தன்னைத் தாக்க வருபவனைத் திருப்பித் தாக்கலாமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பது வழக்கம். தற்காப்பு சரியென்றால், நாட்டின் தற்காப்பான போரும் சரிதானே என்று வாதம் எளிதாக நகர்ந்துவிடுகிறது. ஆனால் திருச்சபையின் வரலாற்றில் இவற்றுக்கு விடை கிடைத்த வரிசை தலைகீழானது. முதலில் இடம் பெற்றது போர், அதுவும் பிறரைக் காப்பதற்கான போர். தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பிறன் உயிரை எடுப்பதை, போரை அனுமதித்த அதே ஆசிரியர்களே ஏற்க மறுத்தார்கள். காக்கப்படுவது யாருடைய உயிர் என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், இந்த விவாதத்தில் இன்று பேசப்படும் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

வேதாகமத்திலிருந்து தொடங்குவோம். மலைப்பிரசங்கத்தில் இயேசு, தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம் என்றும், வலது கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு என்றும், சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்றும் சொல்கிறார் (மத்தேயு 5). கெத்செமனேயில் தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தின்மேல் பட்டயத்தை (வாளை) ஓங்கிய சீடன் பேதுருவிடம், அதை உறையிலே போடு, பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள் என்கிறார். இவற்றை மட்டும் படிப்பவருக்குக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதே புதிய ஏற்பாட்டில், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டு வந்த போர்ச்சேவகரிடம் யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை. ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளமே போதுமென்று இருங்கள் என்றுதான் சொல்கிறார் (லூக்கா 3). கப்பர்நகூமிலிருந்த நூற்றுக்கு அதிபதியின் (நூறு வீரருக்குத் தலைவனான ரோமப் படை அதிகாரியின்) விசுவாசத்தை இயேசு வியந்து பாராட்டுகிறார். செசரியாவிலிருந்த நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு, பேதுருவின் சொற்படி ஞானஸ்நானம் பெறுகிறார். இவர்கள் பதவி விலகியதாக எங்கும் எழுதப்படவில்லை. தொடர்ந்து பணியாற்றியதாகவும் எழுதப்படவில்லை. இந்த மௌனத்தை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகவே வாசித்து வந்திருக்கின்றன.

விவாதம் அதிகம் சுற்றுவது அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தைத்தான் (கடிதத்தை). பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் பவுல், பழிவாங்காதிருங்கள், உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்கிறார். அடுத்த சில வரிகளிலேயே, அதிகாரத்தில் இருப்பவன் தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் தேவஊழியக்காரன், அவன் பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்கிறார். நிருபம் எழுதப்பட்டபோது அதை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து எண்ணிடும் வழக்கம் இல்லை. முதல் வாசகர்கள் இதை ஒரே ஓட்டமாகக் கேட்டிருப்பார்கள். விசுவாசி பழிவாங்கக் கூடாது, ஆனால் ஆள்பவரிடம் பட்டயம் இருக்கிறது என்றால், ஆள்பவரே விசுவாசியாகிவிட்டால் என்ன செய்வது? பவுலின் காலத்தில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. மூன்று நூற்றாண்டுகள் கழித்து அது வந்தது.

பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா நடத்திய போர்களைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலான இறையியலாளர்கள் அவ்வழியில் செல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட மக்களுக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்தில் சொல்லப்பட்ட கட்டளையை எந்த நவீன அரசும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அவர்களின் நிலை.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் எழுதிய திருச்சபை ஆசிரியர்கள் பெரும்பாலும் படைப்பணிக்கு எதிராகவே பேசினார்கள். பேதுருவின் ஆயுதத்தைக் களைந்தபோது ஆண்டவர் எல்லாப் படைவீரரின் ஆயுதத்தையும் களைந்துவிட்டார் என்பது கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியனின் வாதம். ஆனால் அவரே 197-இல் எழுதிய நூலில், நாங்கள் உங்களோடு கப்பலில் செல்கிறோம், உங்களோடு போரிடுகிறோம் என்று ரோமரிடம் பெருமையாகச் சொல்கிறார். ஆசிரியர்கள் மறுத்தாலும் படையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது. மறுப்புக்குக் காரணம் இரத்தம் சிந்துதலா, படைமுகாமில் பேரரசருக்கும் தெய்வங்களுக்கும் பலியிட வேண்டியிருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டுமே கலந்திருந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அக்காலத்து விசாரணைக் குறிப்பு ஒன்று இதை நெருக்கமாகக் காட்டுகிறது. 295 மார்ச் 12 அன்று, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெபெஸ்ஸா நகரில், மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞன் ஆளுநர் தியோன் முன்னால் நிறுத்தப்பட்டான். தந்தை முன்னாள் படைவீரர் என்பதால் மகனும் சேர்ந்தாக வேண்டும். உயரம் அளக்கும்போதே அவன், நான் படையில் சேர முடியாது, நான் கிறிஸ்தவன் என்று சொல்லத் தொடங்கிவிட்டான். ஐந்தடி பத்து அங்குலம் என்று அலுவலர் படித்தார். கழுத்தில் ஈய முத்திரையைக் கட்டச் சொன்னார்கள். கட்டினால் உடைத்துவிடுவேன் என்றான். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் பணியாற்றுகிறார்களே என்று ஆளுநர் கேட்டதற்கு, அவர்களுக்கு எது தகும் என்பதை அவர்கள் அறிவார்கள், நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் முடியாது என்று பதில் வந்தது. தண்டனை நிறைவேறும் முன் அவன் தந்தையிடம், படைப்பணிக்கென்று எனக்கு வாங்கிய புதிய உடையை, தண்டனையை நிறைவேற்றும் இந்த ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். திருச்சபை அவனைப் புனிதன் என்று போற்றுகிறது. ஆளுநர் சுட்டிய அந்தப் பிற கிறிஸ்தவர்களை அது விலக்கிவைக்கவும் இல்லை.

கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் 312-இல் ரோமைக் கைப்பற்றியபின் நிலைமை மாறியது. சில தலைமுறைகளுக்குள் ஆளுநர்களும் தளபதிகளும் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். மிலான் நகர ஆயர் அம்புரோஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 374-இல் ஆயராவதற்கு முன் அவரே அந்தப் பகுதியின் ஆளுநர். கடமைகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் இரண்டு கருத்துகள் அருகருகே நிற்கின்றன. ஆயுதத்தோடு வரும் கொள்ளைக்காரனிடம் அகப்பட்ட கிறிஸ்தவன் திருப்பி அடிக்கக் கூடாது, தன் உயிரைக் காக்கப்போய் அன்பைக் கறைப்படுத்திவிடுவான் என்பது ஒன்று. முடிந்திருந்தும் தன் தோழனுக்கு வரும் தீங்கைத் தடுக்காதவன், தீங்கு செய்தவனுக்கு ஒப்பான குற்றவாளி என்பது மற்றொன்று. மறு கன்னத்தைக் காட்டு என்ற கட்டளை என் கன்னத்தைப் பற்றியது. அடுத்தவர் கன்னத்தை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தினார் (354–430) இதை மேலும் நெருக்கினார். கொல்லப்படாமலிருக்கப் பிறரைக் கொல்லலாமா என்று கேட்ட ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அதை நான் ஏற்கவில்லை, தனக்காக அல்லாமல் பிறருக்காகவோ தன் நகருக்காகவோ செயல்படும் படைவீரனும் பொது அலுவலரும் மட்டும் விலக்கு என்றார். அவர் கண்ணில் போரின் உண்மையான தீமை சாவு அன்று, ஏனெனில் எல்லோரும் எப்படியும் சாகப்போகிறவர்களே. வன்முறையை விரும்புதல், பழிவாங்கும் கொடுமை, ஆதிக்க வெறி ஆகியவையே தீமை. இந்த வாதம் இன்றைய வாசகரை உறுத்தும், உறுத்தவும் வேண்டும். உள்ளத்தில் அன்பை வைத்துக்கொண்டு கையால் வெட்டலாம் என்ற வாசலை அது திறந்துவிட்டது. பிற்காலத்தில் அந்த வாசல் வழியாக வந்தவர்கள் எல்லோரும் அகுஸ்தினார் அல்லர். அவருடைய இறுதி நாட்களில் வண்டால்கள் என்ற இனத்தார், அவர் ஆயராயிருந்த வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரையே முற்றுகையிட்டிருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பான அறையில் அமர்ந்து எழுதப்பட்ட கோட்பாடு அன்று இது.

தற்காப்புக்கு முறையான இடம் தேடிக் கொடுத்தவர் 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். அவர் துணைக்கு அழைப்பது பழைய ஏற்பாட்டு நூலான யாத்திராகமத்தின் 22-ஆம் அதிகாரம். இரவில் கன்னமிடும் திருடன் பிடிபட்டு அடிபட்டுச் செத்தால் வீட்டுக்காரன்மேல் இரத்தப்பழி இல்லை. பொழுது விடிந்தபின் என்றால் பழி உண்டு. இருட்டில் வந்தவன் திருடனா கொலைகாரனா என்று தெரியாது, உதவிக்கு ஆளும் வராது. பகலில் அந்தச் சாக்குகள் இல்லை. இதன் மேல் அக்குவினாஸ் கட்டிய வாதம் இது: ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். தன் உயிரைக் காப்பது ஒருவர் நாடிய விளைவு. தாக்கியவன் சாவது நாடாமல் நேர்ந்த விளைவு. உயிரைக் காப்பது இயல்பான கடமை என்பதால் செயல் குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பயன்படுத்தினால் அது குற்றமே. தனிமனிதர் கொல்லும் நோக்கத்தோடு தாக்கவும் கூடாது. தள்ளிவிட்டுத் தப்ப முடிந்தபோது கத்தியை எடுத்தவர், ஓடத் தொடங்கியவனின் முதுகில் சுட்டவர் ஆகியோர் இந்த விதியின்கீழ் தற்காப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இதையே பின்பற்றுவதோடு, பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்றிப் பெருங்கடமையாகவும் ஆகலாம் என்கிறது.

போருக்கு அக்குவினாஸ் வைத்த நிபந்தனைகள் மூன்று: உரிய அதிகாரம் உடையவர் அறிவிக்க வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும். பின்வந்தவர்கள் மேலும் சிலவற்றைச் சேர்த்தார்கள். மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பின்னரே போர்; வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும்; விளையும் அழிவு, தடுக்க முயலும் தீமையைவிடப் பெரிதாகக் கூடாது. போரைத் தொடங்குவது பற்றிய விதிகள் இவை. தொடங்கிய பின்னும், ஆயுதம் ஏந்தாதவரைக் குறிவைக்கக் கூடாது என்ற விதி உண்டு. நியாயமாகத் தொடங்கிய போரும் அநியாயமாக நடத்தப்படலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். இத்தொகுப்புக்கே நீதியான போர்க் கோட்பாடு என்று பெயர். அகுஸ்தினார் தொடங்கியதும் இதுவே. லூத்தரும் கால்வினும் 16-ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின்போது கைவிடாமல் வைத்துக்கொண்டதும் இதுவே.

அனுமதிக்கப்பட்டது என்பதற்கும் களங்கமற்றது என்பதற்கும் பழைய திருச்சபை பார்த்த தூரத்தை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போருக்குப் பிறகு, வென்ற தரப்பின் நார்மன் ஆயர்களே தம் வீரர்களுக்குப் பாவப்பரிகாரம் விதித்தார்கள். போப்பின் தூதர் அதை உறுதிசெய்தார். கொன்றதாக அறிந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டு. காயப்படுத்தி, செத்தானா என்று தெரியாத ஒவ்வொருவருக்கும் 40 நாள். எத்தனை பேர் என்றே தெரியாதவர் வாழ்நாள் முழுதும் வாரத்துக்கு ஒருநாள். அம்பு எங்கே போய் விழுந்தது என்று அறியாத வில்லாளிகளுக்கும் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

கிழக்குத் திருச்சபையில் ஆயர் புனித பசிலியார் 4-ஆம் நூற்றாண்டிலேயே, போரில் கொல்வது கொலைக்குற்றம் அன்று என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் கை தூய்மையற்றது என்பதால் மூன்றாண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று அறிவுரை சொன்னார். 10-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் நிக்கிபோரஸ் போக்காஸ், போரில் விழுந்த தம் வீரர்களை மறைசாட்சிகளாக (விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனிதர்களாக) அறிவிக்கக் கேட்டபோது, கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெரும் தந்தை பொலியூக்தஸ் தரப்பினர் இந்த விதியைக் காட்டித்தான் மறுத்தார்கள். அதே கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபில் நிற்கும் மாஸ்கோவின் முதுபெரும் தந்தை கிரில், 2022 செப்டம்பரில், உக்ரைன் போருக்கு ஆள்திரட்டல் அறிவிக்கப்பட்ட சில நாட்களில், படைக்கடமையில் உயிர்விடுவது எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும் என்று பிரசங்கித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேரரசரின் முகத்துக்கு நேரே மறுக்கப்பட்டது, இப்போது கேட்காமலே வழங்கப்பட்டது.

மேற்கிலும் அந்தச் சறுக்கல் உண்டு. 1095-இல் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் உர்பன், ஜெருசலேமைக் கைப்பற்றும் சிலுவைப்போருக்கு அழைத்தபோது, போருக்குச் செல்வதே பாவப்பரிகாரமாக மாறியது. ஹேஸ்டிங்ஸ் முடிந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. கோட்பாடு உள்ளிருந்தே தன்னைத் திருத்திக்கொண்டதும் உண்டு. 1539-இல் சலமான்கா பல்கலைக்கழகத்தில் டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ டி விட்டோரியா, மத வேற்றுமை போருக்கு நியாயமான காரணம் ஆகாது, அமெரிக்கப் பழங்குடிகளின்மேல் ஸ்பெயின் படையெடுக்க அதைச் சொல்ல முடியாது என்று கற்பித்தார். படையெடுப்பு நிற்கவில்லை. இக்கோட்பாட்டின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்பேன்: நிபந்தனைகள் நிறைவேறினவா என்று தீர்ப்பு சொல்லும் நாற்காலியில், போரிட விரும்பும் அரசரே அமர்ந்திருக்கிறார்.

இவை எதுவுமே வேண்டாம் என்று சொன்ன கிறிஸ்தவர்களும் உண்டு. 1527-இல் ஷ்லைட்ஹைம் என்ற சுவிஸ் ஊரில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சீர்திருத்தக் குழுவினர்), பட்டயம் கிறிஸ்துவின் நிறைவுக்குப் புறம்பாகக் கடவுள் ஏற்படுத்திய ஒன்று என்று அறிக்கையிட்டார்கள். அரசு பட்டயம் பிடிக்கட்டும், கிறிஸ்தவர் அந்த அரசுப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது இதன் பொருள். மெனோனைட்டுகளும் ஆமிஷ் மக்களும் இவர்கள் வழிவந்தவர்கள். இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 17-ஆம் நூற்றாண்டில் வேறு வழியாக ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். 1569-இல் நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரில் சிறையிலிருந்து தப்பிய அனபாப்டிஸ்ட் டிர்க் வில்லம்ஸ், உறைந்த நீர்நிலையைக் கடந்துவிட்டார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து நீருக்குள் விழுந்தான். டிர்க் திரும்பிவந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றினார், பிடிபட்டார், எரிக்கப்பட்டார். இந்த மரபு கோழைத்தனம் அன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எனினும், அம்புரோஸ் சொன்ன அந்தத் தோழனின் நிலை என்ன என்று கேட்டால், அவன் சார்பாகத் துன்பத்தை ஏற்கும் முடிவை நான் எடுக்கலாமா என்ற கேள்வி நின்றுகொண்டேதான் இருக்கிறது.

போர் நியாயம் என்று ஏற்றுக்கொண்டும் அதன் நடத்தையைக் கண்டித்தவர்களுக்கு அடையாளமாக இங்கிலாந்தின் சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல்லைச் சொல்லலாம். இட்லரை எதிர்த்த போரை அவர் ஆதரித்தார். ஆனால் 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் அவையில் எழுந்து, ஜெர்மானிய நகரங்களை முழுமுழுதாகக் குண்டுவீசி அழிப்பதை எதிர்த்துப் பேசினார். அதனால்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் உச்சப் பதவியான கேண்டர்பரி பேராயர் பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று என்று பலரும் கருதுகிறார்கள். 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற வழிகள் தீர்ந்தபின் நாடுகளுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டே, நகரங்களையும் குடிமக்களையும் பேதமின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அறிவித்தது. 2020-இல் போப் பிரான்சிஸ், பழைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களை வைத்து இன்று ஒரு போரை நீதியானது என்று சொல்வது மிகக் கடினம் என்று எழுதினார். கோட்பாட்டை அவர் ரத்து செய்யவில்லை. இன்றைய ஆயுதங்களின் முன்னால் அதன் நிபந்தனைகள் நிறைவேறுவது அரிது என்பதே அவர் சொன்னது.

தனிமனிதத் தற்காப்புக்கு வந்தால், கிறிஸ்தவர்கள் இன்றும் இரு வேறு திசைகளில் நிற்பது அமெரிக்காவில் கண்கூடு. 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஆமிஷ் பள்ளி ஒன்றில் ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகம் அவன் குடும்பத்தைத் தேடிச்சென்று ஆறுதல் சொன்னது. அவனுடைய அடக்கத்திலும் கலந்துகொண்டது. 2019 டிசம்பரில் டெக்சாஸின் வைட் செட்டில்மென்ட் ஊரில், ஆராதனை நடுவே துப்பாக்கியை எடுத்தவன் இருவரைக் கொன்றான். ஆலயத்தின் தன்னார்வக் காவலர் ஒருவர் சில நொடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். பழைய மரபின் அளவுகோலில் அந்தக் காவலரின் செயலுக்கு இடம் உண்டு, ஏனெனில் அவர் காத்தது சபையை. தன் வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அம்புரோஸிடம் ஒப்புதல் கிடைக்காது, அக்குவினாஸிடம் நிபந்தனையோடு கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறியவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். 1956 ஜனவரியில் மான்ட்கமரியில் அவர் வீட்டின்மேல் குண்டு வீசப்பட்டபோது, மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அதன்பின் அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. பின்னர் அகிம்சைப் போராட்டத்தை நடத்திக்கொண்டு ஆயுதத்தை வைத்திருக்க முடியாது என்று உணர்ந்து, வீட்டிலிருந்ததையும் அகற்றிவிட்டார்.

நீதியான போர்க் கோட்பாட்டை ஏற்றுக்கொள்பவர் ஒரு கடமையையும் சேர்த்தே ஏற்கிறார்: தன் நாடு நடத்தும் போர் நிபந்தனைகளுக்குப் புறம்பானது என்று தெரிந்தால் அதில் பங்கேற்க மறுக்க வேண்டும். ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் அப்படி மறுத்தார். எல்லாப் போரையும் எதிர்த்தவர் அல்லர். இட்லரின் இந்தப் போர் அநியாயம் என்றார். குடும்பத்தை நினைத்துச் சேர்ந்துகொள் என்று அவருடைய ஆயரே அறிவுரை சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று பெர்லினுக்கு அருகிலுள்ள பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக (புனிதர் நிலைக்கு முந்தைய படிக்கு) உயர்த்தியது. வியட்நாம் போரின்போது இதே நிலையிலிருந்த அமெரிக்கக் கத்தோலிக்கப் படைவீரர் ஒருவர், இந்தப் போர் என் திருச்சபையின் போதனைப்படி அநியாயம் என்று சொல்லி விடுவிப்பு கேட்டார். 1971-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மறுத்துவிட்டது: மனச்சாட்சியின்படி மறுப்பவருக்கான சட்டவிலக்கு எல்லாப் போர்களையும் எதிர்ப்பவருக்கு மட்டுமே உண்டு, குறிப்பிட்ட ஒரு போரை எதிர்ப்பவருக்குக் கிடையாது. குவேக்கருக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இடம் இருந்தது. அகுஸ்தினாரின் நிபந்தனைகளை எடுத்துப் பார்த்து, இது தேறாது என்று முடிவு செய்தவருக்கு இடம் இல்லை.